வீட்டுக்கு வந்த வினாநிரல் எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் ஊர் பொட்டிபுரம். போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையில், மேற்கு மலையின் காலடியில் இருக்கும் சிற்றூர். நியூட்ரினோ என்னும் சொல்லைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு எங்கள் ஊரின் பெயரும் தெரிந்திருக்கும். 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகும், எதிர்ப்பும் வழக்குகளும் சூழ்ந்து, மலையைக் குடையும் வேலை தொடங்கப்படாமலே நின்ற திட்டம் அது. அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதன் விளைவாக எங்கள் ஊரில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லுக்கே ஒரு தனிப்பொருள் ஏற்பட்டுவிட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கையில் காகிதக் கட்டோடு யார் வந்தாலும், “நீங்க நியூட்ரினோ ஆளுகளா?” என்பதுதான் எங்கள் தெருவின் முதற்கேள்வி.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒருவர் வந்தார். முனைவர் பட்டத்துக்காக மேலாண்மைத் துறையில் ஆய்வு செய்பவர். ஏலத்தோட்டத் தொழிலாளரின் வேலைநிலையும் வருவாயும் அவருடைய பொருள். தெரு முழுவதும் கேட்ட முதற்கேள்விக்கு விடை சொல்லி ஓய்ந்து, மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அம்மா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருந்தார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. ஆகவே பன்னிரண்டு பக்க வினாநிரலில் கட்டங்களுக்குள் ‘சரி’ குறி போட்டது நான்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நன்றி சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு, நான் கல்லூரியில் சேர்ந்த பின்னர் ஒருநாள், அம்மா திடீரென்று கேட்டார்: “ஏத்தா, அந்தப் புள்ள எழுதிட்டுப் போச்சே, அது என்ன ஆச்சு?”

காலேஜ் படிக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று கேட்க வீட்டில் யாருமில்லை. எனவே வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். இயற்பியல் மாணவிக்கு இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அவரிடம் கேட்டதும், பிறகு நூலகத்திலும் கணினியிலும் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

இயற்பியலுக்கும் மேலாண்மைக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். 1961-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் இந்திய மேலாண்மை நிறுவனம், அதாவது ஐ.ஐ.எம்., தோன்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் விக்ரம் சாராபாய். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். மேலாண்மை அறிஞராக உலகப் புகழ்பெற்ற சி.கே. பிரகலாத் நம் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலில்தான் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

மேலாண்மை ஆய்வு என்றால் பெரிய கம்பெனிகளின் கணக்கு வழக்கு என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஏறியபோது லாபம் யார் கையில் தங்கியது? இறங்கியபோது நட்டம் யார் தலையில் விழுந்தது? சரக்கை வைத்திருந்து விற்கக்கூடியவர் யார், கடனுக்காக உடனே தள்ளிவிட வேண்டியவர் யார்? 2020-இல் போடிமெட்டு எல்லை மூடப்பட்டு, அனுமதிச்சீட்டு இல்லாமல் தொழிலாளர் மேலே போக முடியாமல் நின்றபோது, இரு மாநிலங்களை நம்பியிருக்கும் ஒரு தொழில் எப்படித் தள்ளாடியது? இவை அத்தனையும் மேலாண்மை ஆய்வுக்கு உரிய கேள்விகளே. இவற்றுக்கு விடை தேடி ஒருவர் வீடுவீடாக வருகிறார் என்றால் அது வீண் வேலையன்று.

சரி, அந்த வினாநிரல் எங்கே போயிற்று?

முதலில் அது எண்களாக மாறுகிறது. அம்மாவும் இன்னும் சில நூறு பேரும் சொன்ன விடைகள் அட்டவணைகளாகின்றன. அதை வைத்து ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வருகிறார். இந்த இடத்தில்தான் நான் அறியாத ஒன்றைப் பேராசிரியர் சொன்னார். ஆய்வாளர் தாமே தம் அறையில் அமர்ந்து எழுதி முடித்து அச்சுக்குக் கொடுப்பதில்லையாம். முடியாத நிலையிலேயே அதைப் பிறர் முன் வைத்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, ஒவ்வோர் அரையாண்டும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். 1969-இல் அமைக்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் நிதியுதவி தந்து, பல ஊர்களில் ஆய்வு முறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. மாதிரியை எப்படித் தேர்வது, வினாவை எப்படி அமைப்பது என்பதையெல்லாம் முனைவர் பட்ட மாணவர்கள் அங்கே கற்கிறார்கள்; தம் ஆய்வுத் திட்டத்தையும் எடுத்துச் சொல்லி மற்றவர்களின் குறைகூறலைக் கேட்கிறார்கள்.

அடுத்தது மாநாடு. கலைக் கல்லூரிகளின் வணிகவியல் துறையினருக்கு மிகப் பழகியது, 1947-இல் தோன்றிய இந்திய வணிகவியல் சங்கம் நடத்தும் அகில இந்திய வணிகவியல் மாநாடு. உலக அளவில் பெரியது, 1936-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட். இதன் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டி நடக்கும். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆய்வாளர் கூடுவர். கட்டுரைகளைச் சனவரிக்குள் அனுப்ப வேண்டும். பிற ஆய்வாளர்கள் ஊதியமின்றிப் படித்துப் பார்த்து, ஏற்கலாமா கூடாதா என்று கருத்து எழுதுவார்கள். இதைப் போலவே நம் நாட்டிலும் இந்தியன் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பு மாநாடுகள் நடத்துகிறது.

மாநாட்டு மேடையில் பதினைந்து நிமிடம் படித்துவிட்டுச் சான்றிதழ் வாங்கி வருவது ஒரு வகை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ‘கட்டுரை வளர்ச்சிப் பயிலரங்கு’ என்று அதைச் சொல்லலாம். இங்கே முடிந்த கட்டுரையைக் கொண்டுவரச் சொல்வதில்லை; அரைகுறையாக இருப்பதையே கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒரு வட்ட மேசை. நாலைந்து இளம் ஆய்வாளர். அவர்களோடு ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியரோ மூத்த பேராசிரியரோ ஒருவர். எல்லாரும் எல்லாருடைய கட்டுரையையும் முன்கூட்டியே படித்து வந்திருப்பார்கள். உன் கேள்வியே தெளிவாக இல்லை, இதை ஏற்கனவே ஒருவர் சொல்லிவிட்டார், இந்த அட்டவணையிலிருந்து இந்த முடிவு வராது என்று நேருக்கு நேர் சொல்வார்கள். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போது கேட்கும் கடுமை அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏலக் கூடத்தில் விலை கூறுவதற்கு முன் சரக்கின் மாதிரி வியாபாரிகளின் கைக்குப் போகிறது. அவர்கள் நிறம் பார்க்கிறார்கள், தோலைப் பிரித்து மணம் பார்க்கிறார்கள், ஒரு விதையை வாயிலிட்டும் பார்க்கிறார்கள். ஸ்டோரில் சூடு கூடிக் காய் வெளுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இப்போது கணினியில் விலை கேட்கும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் காயைக் கையில் எடுத்துப் பார்ப்பது நிற்கவில்லை. மாதிரியைக் காட்ட மறுக்கும் தோட்டக்காரரிடம் யாராவது விலை கேட்பார்களா?

பயிலரங்கைத் தாண்டிய பின்னரே ஆய்விதழ். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1976-இல் தொடங்கிய ‘விகல்பா’ நம் நாட்டு மேலாண்மை இதழ்களுள் புகழ்பெற்றது. இத்தகைய இதழ்களில் கட்டுரையை மதிப்பிடுபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது; எழுதியவருக்கும் மதிப்பிட்டவர் யாரென்று தெரியாது. நம் விடைத்தாளில் பெயரை மறைத்துப் போலி எண் போடுகிறார்களே, அந்த முறைதான். பெரும்பாலான கட்டுரைகள் திரும்பி வரும். சில, திருத்தி அனுப்புக என்ற குறிப்போடு வரும். அதுவே நல்ல செய்தி என்றார் பேராசிரியர். இரண்டு முறை, மூன்று முறை திருத்தி, அச்சில் வர ஆண்டுகள் ஆகலாம்.

இந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாதவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. எங்களுக்கு உறவுமுறை அண்ணன் ஒருவர், அவரும் எங்களைப் போன்ற குடும்பம்தான். ஓர் ஆய்விதழ் அவருடைய கட்டுரையை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது. மூவாயிரம் ரூபாய் கட்டச் சொன்னது. ஒரு மாதிரி நகைக் கடன் வாங்கிக் கட்டினார். கட்டுரை வந்தது; எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படவில்லை. பின்னர் வேலைக்கான நேர்காணலில் அந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இத்தகைய இதழ்களை விலக்குவதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு தரப்பட்டியலை வெளியிட்டது. 2025-இல் அதையும் கைவிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விதி தளர்ந்தாலும் ஆசை தளரவில்லையே! படித்த அப்பா அம்மா உள்ளவனுக்கு ‘அங்கே கட்டாதே’ என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். நமக்கு அப்படிச் சொல்பவர் கல்லூரி ஆசிரியர்தான். அவரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள் என்பதை மட்டும் என் வகுப்புத் தோழர்களுக்கு இங்கே சொல்லி வைக்கிறேன்.

நேர்வழியும் செலவில்லாத வழியன்று என்பது உண்மையே. அமெரிக்கா வரை போய்வர நம்மால் ஆகுமா? நோய்த்தொற்றுக் காலமான 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் தன் கூட்டத்தைக் கணினி வழியாகவே நடத்தியது. விமானச் சீட்டும் விசாவும் இல்லாமல் கலந்துகொள்ள முடியும் என்பது அப்போது தெரிந்தது. அந்தக் கதவை மறுபடியும் முழுதாகச் சாத்திவிடாமல் இருந்தால் நம்மைப் போன்ற ஊர்களுக்கு நல்லது.

இவ்வளவையும் கடந்து வரும் ஆய்வு எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1976-இல் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். 1985-இல் அதன் கிளை தேனிக்கு வந்தது. இதை வாசிக்கும் பலருடைய பாட்டிமார் அங்கேதான் கண்புரை நீக்கிக்கொண்டிருப்பார்கள். பணம் தருவோரின் கட்டணத்தைக் கொண்டு பணமில்லாதோருக்கும் அதே மருத்துவம் எப்படிச் செய்ய முடிகிறது? கிராமத்துப் பெண்களைப் பயிற்றி எந்த வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள்? அமெரிக்க ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் இவற்றை ஆராய்ந்து 1993-இல் ஒரு நிகழ்வாய்வாக எழுதினார். நிகழ்வாய்வு என்பது ஒரு நிறுவனத்தின் நிலையை உள்ளபடி விவரித்து, அடுத்து என்ன செய்யலாம் என்ற முடிவை மாணவரின் விவாதத்துக்கே விட்டுவிடும் எழுத்து. நம் அரவிந்த் மருத்துவமனை அன்றுமுதல் உலகெங்கும் வகுப்பறைகளில் விவாதிக்கப்படுகிறது. பிரகலாதும் 2004-இல் வெளியிட்ட தம் நூலில் அதை எடுத்துக்காட்டாகக் கொண்டார். மருத்துவமனையும் வாளாவிருக்கவில்லை, மற்ற மருத்துவமனைகளுக்குத் தன் முறையைக் கற்பிக்கத் தனியே ஒரு பயிற்சி நிறுவனமே நடத்துகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். வட்ட மேசை, ஆய்விதழ், ஹார்வர்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்புட்டுப் பேரு படிச்சாகளா? நம்ம கிட்ட யாரும் வந்து சொல்லலையே” என்றார்.

அந்தச் சொல்லுக்கு விடை தேடியபோதுதான் பேராசிரியர் அனில் குப்தாவின் வரலாறு எனக்குக் கிடைத்தது. இவரும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஆசிரியராக இருந்தவர். உழவர்களிடமும் கைவினைஞர்களிடமும் கற்று, ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றார். ஆனால் யாரிடமிருந்து கற்றாரோ அவர்கள் அதைப் படிக்க முடியவில்லை. அவர்கள் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. இது அவரை உறுத்தியது. தேனீ பூவிலிருந்து தேனெடுக்கிறது, பூவுக்குக் குறைவில்லை. ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவுக்குச் சேர்க்கவும் செய்கிறது. ஆய்வாளரும் அப்படி இருக்க வேண்டும் என்று எண்ணி, 1980-களின் இறுதியில் ‘ஹனி பீ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கொள்கை எளியது: அறிவைத் தந்தவரின் பெயரைச் சொல், அதை அவருடைய மொழியிலேயே திருப்பிக் கொடு, வருவாய் வந்தால் பங்கு கொடு. இதன் இதழுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மதுரையைச் சேர்ந்த ‘சேவா’ தொண்டு நிறுவனம் ‘நம் வழி வேளாண்மை’ என்ற பெயரில் வெளியிட்டது. 1998 முதல் அவரும் தோழர்களும் சோத் யாத்திரை என்று ஊர் ஊராக நடந்தே போனார்கள். மாநாட்டை மரத்தடிக்குக் கொண்டுபோனது போலத்தான்.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. இடுக்கியில் ‘ஞள்ளானி’ என்ற ஏலச்செடி பரவியிருக்கிறதே, அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் ஒரு விவசாயி, செபாஸ்டியன் ஜோசப். விளைச்சல் மிகுந்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்தார். தோட்டம் தோட்டமாகக் கன்றுகள் பரவின. ஆய்விதழ் எதுவும் இல்லாமலே அவருடைய ஆய்வு இந்த மலை முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். எங்கள் அம்மா காய் எடுப்பதும் பெரும்பாலும் அந்தச் செடியில்தான்.

இப்போது அம்மா சொன்ன இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த வினாநிரலில் ‘நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எட்டு என்ற கட்டத்தில் நான்தான் குறியிட்டேன். அம்மா சொன்னார்: “காலைல அஞ்சரைக்கு ஜீப்புக்கு நிக்கிறது, மலை ஏறுறது, சாயங்காலம் எறங்குறது, அதெல்லாம் எந்தக் கட்டத்துல வரும்? அந்தப் புள்ள அதைக் கேக்கவே இல்லையே.”

ஆய்வகத்தில் வெர்னியரைக் கையில் எடுத்தவுடன் சுழிப்பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கமே தள்ளியிருந்தால் பிறகு எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் பிழை போகாது. அம்மா காட்டியது சுழிப்பிழை. சில நூறு வினாநிரல்களிலும் அதே இடத்தில் அதே பிழை இருக்கும். ஆலோசனைக் குழுவில் இருப்போர் அதைக் காண்பது அரிது. அகமதாபாத்தின் ஆய்விதழும் காணாது. ஜீப்பில் போகிறவர்களுக்குத்தான் அது தெரியும். அரைகுறைக் கட்டுரையைப் பேராசிரியர் முன் வைப்பது போல, அரைகுறை முடிவை எங்கள் தெருத் திண்ணையில் வைத்திருந்தால் அன்றே திருத்தியிருக்கலாம்.

ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பது 2009-இல் வந்த விதி. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். நம் கல்லூரி நூலகக் கணினியில் இரண்டு சனிக்கிழமைகள் தேடினேன். ஏலக்காய் பற்றிய ஆய்வேடுகள் கிடைக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்தவருடையது இன்னும் வரவில்லை. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாரோ, நடுவில் நிறுத்திவிட்டாரோ. அவருடைய பெயரை நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அது என் பிழை.

கிடைத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் முடிவுகளைத் தமிழில் இருபது பக்கமாகச் சுருக்கத் தொடங்கியிருக்கிறேன். புள்ளியியல் அட்டவணைகள் ஓரளவு புரிகின்றன. சந்தைப்படுத்தல் பற்றிய பகுதி எனக்குப் புரியவில்லை. வணிகவியல் துறைத் தோழர் தோழியர் யாரேனும் உடன் சேர்ந்தால், முடித்து எங்கள் ஊரில் ஒருநாள் படித்துக் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் கேட்க வேண்டியவர்கள் மலைமேல் இருப்பார்கள். போடியிலிருந்து வரும் பேருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் நேரத்தை விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கிறேன்.